கடைமடையின் சந்தேகங்கள்

மேட்டூரில் திறக்கப்படும் காவிரி நீர் கடைசியாக வந்து சேரும் இடமும், வங்கக் கடலின் உப்பு நீர் முதலில் ஏறி வரும் இடமும் ஒன்றாகவே அமைந்துவிட்ட பிரதேசம் முத்துப்பேட்டை. கோரையாறும் பாமணியாறும் அலையாத்திக் காட்டை ஒட்டிய உப்பங்கழியில் கலக்கும் இந்தக் கடைமடையில் நெல் பயிரிடுகிறவருக்கு எழும் சந்தேகங்கள், கல்லணைக்கு அருகே பயிரிடுகிறவருக்கு எழுவதில்லை. இருந்தும், சந்தேகம் தீர்த்து வைப்பதற்கென்று காலந்தோறும் நாம் செய்து வந்திருக்கும் ஏற்பாடுகள் பெரும்பாலும் இருவருக்கும் ஒரே விடையைத்தான் வழங்கி வந்திருக்கின்றன. கைப்பேசி வந்து, கேட்பது எவருக்கும் எளிதாகிவிட்ட இந்நாளில், பெருகும் கேள்விகளை எவ்வாறு கிரமப்படுத்துவது என்பது வேளாண்மைத் துறை தன் முதற்காரியங்களுள் ஒன்றாகக் கொள்ள வேண்டிய விஷயம் என்பது என் அபிப்பிராயம்.

“நட்டு ஒரு மாதம் ஆகிறது, பயிர் மஞ்சள் போட்டுவிட்டது, என்ன அடிக்கலாம்?” சம்பாப் பருவத்தில் டெல்டா முழுவதும் கேட்கும் கேள்வி இது. கேள்வி ஒன்றுதான், காரணங்களோ பல. அடியிலைகள் முதலில் வெளிறினால் தழைச்சத்துக் குறைவு. அடியிலைகளில் துருப்பிடித்தாற்போல் பழுப்புப் புள்ளிகள் தோன்றிப் பயிர் வளர்ச்சி குன்றி நின்றால் துத்தநாகக் குறைவு. அதற்கு அரை சதவீத ஜிங்க் சல்பேட் கரைசலோடு ஒரு சதவீத யூரியாவும் சேர்த்துத் தெளிப்பது பரிகாரம். ஆரஞ்சு கலந்த மஞ்சளோடு பயிர் குட்டையாகிப் போனால், பச்சைத் தத்துப்பூச்சி பரப்பும் துங்ரோ நோயாக இருக்கலாம். வயலில் திட்டுத் திட்டாக இலை நுனிகள் வெளுத்துக் கருகினால் உப்பு ஏறியிருக்கிறதென்று பொருள்; அங்கே யூரியாவைப் போடுவது பணத்தைச் சேற்றில் கொட்டுவதேயாகும். அந்த உப்பிலும் இரு வகை உண்டு. களர் நிலத்துக்கு ஜிப்சம் இன்றியமையாதது. உவர் நிலத்துக்கோ அதனால் பிரயோஜனம் இல்லை, நல்ல நீரைக் கட்டிக் கட்டி வடிப்பது ஒன்றே வழி. வடிப்பதற்கு வாய்க்காலில் நல்ல நீர் வந்திருக்க வேண்டுமே என்பது கடைமடைக்காரரின் தனிக் கவலை. ஆகவே, “எந்த வாய்க்கால், எந்த மடை, முதலில் மஞ்சளானது எந்த இலை, வயல் முழுவதுமா அல்லது திட்டுத் திட்டாகவா?” என்று திருப்பிக் கேட்காமல் சொல்லப்படும் எந்த விடையும், அதைச் சொல்பவர் எத்தனை பெரிய நிபுணராயினும், ஊகமாகவே முடியும்.

தஞ்சைத் தரணிக்கு இவ்விஷயத்தில் நீண்ட அனுபவம் இருக்கிறது. 1960இல் தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டத்துக்கு இந்தியாவில் முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களுள் தஞ்சாவூரும் ஒன்று. அந்தப் பதிற்றாண்டின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் தந்த ஏ.டி.டி. 27 என்ற குறுகிய கால நெல்லைத் திருச்சி வானொலி ஊரூராகக் கொண்டு சேர்த்த விதத்தைக் கண்ட குடியானவர்கள், அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் சூட்டினார்கள். புதிய விதை ஒன்றைப் பற்றிய செய்தி எல்லாருக்கும் பொதுவானது. ஒரு குரல் ஆயிரம் செவிகளுக்குப் போதுமாயிருந்தது. ஆனால் நோயும் உப்பும் அப்படிப் பொதுவானவை அல்ல. இதனை ஓரளவு உணர்ந்தே, அதற்கு முன்னரே 1956இல் புனே வட்டாரத்தில் யுனெஸ்கோவின் துணையோடு 150 கிராமங்களில் வானொலிக் குழுக்கள் அமைக்கப்பட்டன. நிகழ்ச்சியைக் கூடிக் கேட்டு, விவாதித்து, எழுந்த கேள்விகளை நிலையத்துக்கு அனுப்புவது அங்கே முறையாயிருந்தது. பின்னர் 1980களில் தமிழகத்துக்கு வந்த, டேனியல் பெனோர் வகுத்து உலக வங்கி ஆதரித்த பயிற்சி – பார்வைத் திட்டமோ இன்னும் ஒருபடி மேலே சென்றது. கிராம அளவிலான அலுவலர் குறித்த நாளில் குறித்த ஊருக்குச் செல்வதும், தமக்கு விடை தெரியாதவற்றை இரு வாரங்களுக்கொரு முறை நடக்கும் பயிற்சிக்குக் கொண்டுவந்து நிபுணரிடம் கேட்டுச் செல்வதும் அதன் உயிர்நாடியாயிருந்தன. மேலிருந்து இறங்கும் உபதேசமாகவே அது பல இடங்களில் தேய்ந்து போயிற்று என்ற குறை நியாயமானதே. எனினும், அந்த இரு வாரச் சந்திப்பை நாம் கைவிட்டது பெரும் நஷ்டம் என்று நான் திடமாக நம்புகிறேன்.

2004 ஜனவரி 21 அன்று தொடங்கப்பட்ட கிசான் கால் சென்டர் என்ற தொலைபேசி ஆலோசனை மையம், கேள்விகளின் எண்ணிக்கைப் பெருக்கத்தைச் சமாளித்த விதம் பாராட்டத்தக்கது. கட்டணமில்லாத ஒரே எண், தாய்மொழியில் பேச்சு, முதல் நிலையில் வேளாண் பட்டதாரி, அவருக்கு விடை தெரியாதபோது மேல்நிலையில் துறை நிபுணர் என்ற படிவரிசை தெளிவானது. இதற்குக் குறைந்த எந்த அமைப்பும் இத்தனை பேரைத் தாங்காது. ஆயின், பொதுமக்கள் பார்வைக்கு வெளியிடப்படும் அதன் பதிவுகளைப் புரட்டினால் ஓர் உண்மை விளங்கும். மாநிலம், மாவட்டம், வட்டாரம், பயிர், கேள்வி, சொன்ன விடை ஆகிய அனைத்துக்கும் அங்கே இடம் உண்டு. அந்த விடையின்படி செய்த பின் பயிர் தேறிற்றா என்பதற்கு மட்டும் இடமில்லை. தொலைபேசியைக் கீழே வைத்த கணத்தோடு காரியம் முடிந்ததாகிறது. அதனால், தவறிய விடையும் பலித்த விடையும் ஒரே மதிப்போடு ஏட்டில் கிடக்கின்றன. அடுத்த ஆண்டு அதே மஞ்சளுக்கு அதே தவறிய விடை மீண்டும் சொல்லப்படுவதைத் தடுக்க யாராலும் இயலாது. அலைந்து சலித்த குடியானவர் கடைசியில் மருந்துக் கடைக்குப் போகிறார். கடைக்காரர் எதையும் திருப்பிக் கேட்பதில்லை, ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்.

முத்துப்பேட்டைக்கு வெகு அருகில், திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில், பலனைத் திரும்பப் பெறுவதற்கு ஓர் அருமையான முன்மாதிரி இருக்கிறது. பாரம்பரிய நெல் இரகங்களைத் தேடித் தேடிக் காத்து 2018 டிசம்பரில் மறைந்த நெல் ஜெயராமன், 2006 முதல் நெல் திருவிழா நடத்தி, வருகிற விவசாயிக்கு இரண்டு கிலோ விதை நெல்லைக் கொடுத்து, அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தரச் சொன்னார். திருப்பித் தர வருபவர் வெறும் நெல்லோடு மட்டும் வருவதில்லை. அந்த இரகம் தம் மண்ணில் எப்படி நின்றது, எத்தனை நாளில் கதிர் வந்தது, வெள்ளத்தைத் தாங்கிற்றா என்ற செய்தியையும் சேர்த்துக் கொண்டு வருகிறார். விதைக்கு ஜெயராமன் விதித்த நிபந்தனையை விடைக்கும் விதிக்க வேண்டும் என்பதே நான் வற்புறுத்த விரும்புவது. ஆலோசனை பெற்றவர் அதன் பலனைத் திரும்பச் சொல்ல வேண்டும். அந்தப் பலன், இன்ன வாய்க்கால், இன்ன மண், இன்ன இரகம் என்ற குறிப்போடு விடைக்குப் பக்கத்தில் பதிவாக வேண்டும்.

இதைச் செய்யப் புதிய ஸ்தாபனம் எதுவும் தேவையில்லை. முத்துப்பேட்டையில் வட்டார வேளாண்மை விரிவாக்க மையம் இருக்கிறது. நீடாமங்கலத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. 1922இல் தொடங்கி நெல்லுக்கென்றே உழைத்துவரும் ஆடுதுறை இருக்கிறது. கேள்வி இந்த வரிசையில் மேலேறவும், விடை அதே வரிசையில் இறங்கவும், பலன் மீண்டும் மேலேறவும் வழி செய்தால் போதும். ஒரே கேள்வி பலமுறை வருமானால் அதற்கெனத் திருப்பிக் கேட்க வேண்டியவற்றின் பட்டியலைத் தயாரித்து முதல் நிலையிலேயே தீர்த்துவிடலாம். புதிதாய் வருபவை மட்டும் நிபுணரின் நேரத்தைக் கொள்ளட்டும். பலித்த அனுபவமுள்ள குடியானவர்களையும், அவரவர் வாய்க்காலுக்கு விடை சொல்பவர்களாக முறைப்படி ஏற்றுக்கொள்ளலாம். 1998 முதல் புதுச்சேரிக் கிராமங்களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த தகவல் மையங்களை உள்ளூர் ஆண்களும் பெண்களுமே நடத்தினார்கள். 2004 சுனாமியின்போது அக்கிராமங்களுள் ஒன்றான நல்லவாட்டின் மக்கள் கரையை விட்டு விரைந்து வெளியேற உதவியதும் அவ்வூர் மையத்தின் ஒலிபெருக்கியே.

ஆள்தான் வேண்டும். மானிய விண்ணப்பம், பயிர்க் காப்பீடு, கணக்கெடுப்பு என்று வட்டார அலுவலர்களின் நாள் முழுவதும் காகிதத்தில் கழிகிற நிலையில், கேள்விகளை வகைப்படுத்துவதும், விடை சென்ற பதினைந்தாம் நாள் விவசாயியை அழைத்துப் பலனைக் கேட்டு எழுதுவதும் எவருடைய கூடுதல் வேலையாகவும் இருக்க முடியாது. கடைமடை வட்டாரங்கள் ஒவ்வொன்றிலும் இந்த ஒரு காரியத்துக்கென்றே ஒரு பணியிடத்தை, அடுத்த சம்பா நாற்றங்கால் விடுவதற்குள், அரசு உண்டாக்க வேண்டும்.