பின்பனியை வசந்தம் என்று எழுதுவோர்

மாசி பிறந்த சில நாள்களிலேயே அத்திபெலே வட்டாரப் பறவைநோக்கர்களின் பகிர்வுகளில் 'வசந்தம்' வந்துவிடுகிறது. அத்திபெலே ஏரி, பிதரகுப்பே, முத்தாநல்லூர் என்று ஏதேனும் ஒரு கரையில் ஞாயிறு காலையில் எடுத்த மஞ்சள் வாலாட்டியின் படம். அதன் கீழே வசந்தத்தின் முதல் தரிசனம் என்னும் பொருளில் ஒரு வரி. அதற்கும் கீழே வரிசையாகப் பாராட்டுகள். படம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. குறிப்புத்தான் இரண்டு இடத்தில் பிழைபட்டிருக்கிறது. அது வசந்தமும் அன்று, முதல் வரவும் அன்று. அந்த வாலாட்டி புரட்டாசி, ஐப்பசி வாக்கிலேயே இம்மேட்டுநிலத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. நான்கைந்து மாதம் ஏரிக்கரைச் சேற்றில் பூச்சி பொறுக்கியபின் இப்போது வடக்கே திரும்ப ஆயத்தமாகிக்கொண்டிருக்கிறது. வழியனுப்ப வேண்டிய நேரத்தில் வாசலில் ஆரத்தி எடுக்கிறார்கள்.

ஒரு சொல் பிசகியதற்கா இவ்வளவு என்று கேட்பார் உண்டு. சொல் பிசகினால் பார்வையும் பிசகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. ஆகவே சொல்லிலிருந்தே தொடங்கவேண்டியிருக்கிறது.

தமிழ்ப் பெரும்பொழுது ஆறு. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். ஆவணியில் தொடங்கி இரண்டிரண்டு மாதமாக எண்ணிக்கொண்டு வந்தால் மாசியும் பங்குனியும் பின்பனியில் அடங்கும். வசந்தத்துக்கு ஒருவாறு நிகரான இளவேனில் சித்திரையில்தான் பிறக்கிறது. ஆங்கில நாள்காட்டியின் பிப்ரவரி இறுதியை 'முன்வசந்தம்' என்று மொழிபெயர்ப்பவர், வேறொரு நிலத்தின் பருவத்தைத் தூக்கிக்கொண்டுவந்து ஓசூர் மேட்டில் வைக்கிறார். அந்த வேறொரு நிலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் ராபர்ட் மார்ஷம் என்னும் நிலக்கிழார் 1736 முதல் வசந்தத்தின் அறிகுறிகளைக் குறித்துவரலானார். முதல் தகைவிலான் எப்போது தென்பட்டது, முதல் குயிலோசை எப்போது கேட்டது, எந்த மரம் எப்போது துளிர்த்தது என்பவை அவர் குறிப்பேட்டில் ஏறின. அவர் வழிவந்தோர் அதனை 1958 வரை தொடர்ந்தனர். இருநூறு ஆண்டு தாண்டிய அத்தொடர் பிற்காலத்தில் தட்பவெப்ப ஆய்வாளர்களுக்குப் பெருந்துணையாயிற்று. உறைபனி விலகும் நாட்டில் பறவை வருவதே வசந்தம். 'முதல்' என்ற சொல்லுக்கு அங்கே உயிர் இருந்தது.

தகைவிலான் அங்கே வந்திறங்கும் அதே நாள்களில் இங்கே தந்திக்கம்பிகளில் கூடிக் கூடி அமர்ந்து, ஒருநாள் காலையில் இல்லாமற் போய்விடுகிறது. (அங்கு இறங்குபவை ஆப்பிரிக்காவிலிருந்து திரும்புபவை; இங்கிருந்து கிளம்புபவை ஆசியாவின் வடபகுதிக்குப் போகின்றன. இனம் ஒன்று, வழி வேறு.) ஆக, ஒரே பறவையின் ஒரே மாத நடத்தைக்கு அந்நாட்டில் வருகை என்றும் இந்நாட்டில் பிரிவு என்றும் பொருள். தொல்காப்பியம் பின்பனியைப் பாலைக்கும் உரித்தாக்கியிருப்பது இங்கே நினைக்கத்தக்கது. பாலையின் உரிப்பொருள் பிரிதல். தொல்காப்பியர் வாலாட்டியை மனத்திற்கொண்டு நூற்பா செய்தார் என்று கூறுவது மிகை. அவர் பேசியது மனிதரைப் பற்றி. ஆயினும் இந்நிலத்தில் பனி தேய்ந்து வெயில் ஏறும் இரண்டு மாதங்களைப் 'புறப்பாட்டுக் காலம்' என்று காண ஒரு மரபு ஈராயிரம் ஆண்டாகக் கையில் இருக்க, அதனை விட்டு மார்ஷத்தின் குறிப்பேட்டைக் கடன் வாங்குவதற்கு அறியாமை தவிர வேறு காரணம் புலப்படவில்லை. சத்திமுத்தப் புலவரின் நாரைப் பாட்டைப் பள்ளியில் மனப்பாடம் செய்யாத தமிழர் குறைவு. பனங்கிழங்கைப் பிளந்தாற்போன்ற அலகு மட்டும் பலருக்கு நினைவிருக்கிறது. அந்த நாரை குமரியில் நீராடிவிட்டு வடதிசைக்குத் திரும்புகிறது என்பதும், புலவர் தூது விடுவதே திரும்பும் பறவையிடம் என்பதும் மறந்துபோயின. இன்றைய வழக்கில் சொன்னால், அது ஒரு புறப்பாட்டுப் பதிவு.

இனி இழப்பு எங்கே நேர்கிறது என்பதைப் பார்க்கலாம்.

முதல் வரவைக் குறிப்பது எளிது. பறவை கண்ணில் பட்ட கணமே அது செய்தி. கடைசி நாளைக் குறிப்பது அப்படியன்று. இன்று பார்த்த மஞ்சள் வாலாட்டி இப்பருவத்தின் கடைசி வாலாட்டியா என்பது இன்று எவருக்கும் தெரியாது. அடுத்த வாரம் போய்ப் பார்த்து, அதற்கடுத்த வாரமும் போய்ப் பார்த்து, இரண்டு தடவையும் காணாமல் திரும்பிய பிறகே இன்றைய நாளுக்கு அந்தத் தகுதி வரும். புறப்பாடு என்பது இன்மையால் மட்டுமே அறியப்படும் நிகழ்வு. 'காணவில்லை' என்ற வெறும் சொல்லை வாரந்தோறும் எழுதிவைக்கும் பொறுமை அதற்கு வேண்டும். 2002இல் தொடங்கிய ஈபேர்ட் தளம், கண்டறிந்த எல்லாப் பறவைகளையும் பட்டியலில் சேர்த்தீர்களா என்று ஒவ்வொரு முறையும் கேட்பது இதற்காகவே. ஆம் என்று விடையளித்த பட்டியலில் வாலாட்டி இல்லையென்றால் அந்த இன்மைக்குப் பொருள் உண்டு. படம் ஒன்றை மட்டும் பகிர்ந்தவரின் மௌனத்துக்குப் பொருள் ஏதும் இல்லை; வாலாட்டி இல்லையா, இருந்தும் படம் சரியாக வரவில்லையா, அன்று அரிய பருந்தொன்று கிடைத்ததால் வாலாட்டியை மதிக்கவில்லையா என்பதை யாராலும் சொல்ல முடியாது.

வசந்தம் கொண்டாடுவோரின் வழக்கம் இதற்கு நேர் எதிரானது. மாசியில் கூட்டம் கூடுகிறது. பங்குனி வெயில் ஏறியதும் கூட்டம் கலைகிறது. தைமாதத்தில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும் பிப்ரவரியில் உலகளாவிய கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பும் நடக்கின்றன. அவற்றின் உற்சாகம் ஒரு மாதம் தாக்குப்பிடிக்கிறது. பிறகு பள்ளித் தேர்வு, ஆண்டுக்கணக்கு முடிப்பு, கோடை விடுமுறைக்கு மலைப்பயணம். வாலாட்டி கிளம்பும் வாரத்தில் அதனைப் பார்க்க ஏரிக்கரையில் ஆளில்லை.

இத்தனைக்கும் பறவை மிக அழகாக இருப்பது அப்போதுதான். ஐப்பசியில் மங்கிய மண்ணிறத்தில் வந்த மஞ்சள் வாலாட்டி பங்குனியில் இறகு மாற்றி மஞ்சள் கொழிக்க நிற்கிறது. சோளக்குருவி மத்திய ஆசியாவில் இனம்பெருக்கத் திரும்புமுன் கொண்டை சிலிர்த்து, உடல் இளஞ்சிவப்பு மெருகேறி, முருக்கமரத்தில் கூட்டங்கூட்டமாகத் தேன் குடிக்கிறது. ஆறுமணிக்குருவி கிளம்புவதற்கு முன் மீண்டும் குரல் கொடுக்கத் தொடங்குகிறது. கல்யாண வீட்டார் பட்டுடுத்தி வாசலில் நிற்கும் வேளையில் புகைப்படக்காரர் வீட்டுக்குப் போய்விட்டாற்போல் இருக்கிறது இந்த வழக்கம்.

அழகைத் தவறவிட்டால் தவறவிட்டவருக்கு நட்டம். அதனை அவரே பார்த்துக்கொள்ளலாம். ஏரிக்கு நேரும் நட்டம் வேறு. பின்பனியில் ஏரி சுருங்குகிறது. நீர் பின்வாங்கிய விளிம்பில் விரல் ஆழச் சேறு வெளிப்படுகிறது. உள்ளான்களும் வாலாட்டிகளும் நெடும்பயணத்துக்கு வேண்டிய கொழுப்பை உடலில் ஏற்றிக்கொள்வது அச்சேற்றில்தான். பொரி உள்ளான் சைபீரியக் காடுகளின் சதுப்புவரை பறக்கவேண்டும். மேலிருந்து பார்ப்பவருக்கு அந்தச் சேறு வற்றிய ஏரி, பயனற்ற நிலம், நாற்றம். மண்வெட்டும் எந்திரங்கள் இறங்குவதும் அப்போதே, ஏனெனில் தூர்வாரும் வேலைக்கு ஏரி வற்றியிருக்கவேண்டும். பெங்களூரில் 'புத்துயிர்' பெற்ற ஏரிகள் பலவற்றின் கதை அனைவரும் அறிந்தது: சரிந்திறங்கும் கரையை வெட்டிச் செங்குத்தாக்கி, நடைபாதை போட்டு, ஏரியைக் கிண்ணமாக்கிவிடுவார்கள். கிண்ணத்தில் நீர் நிற்கும், நீர்க்காகம் நிற்கும், உள்ளானுக்குக் கால் வைக்க இடம் இராது. நகரம் ஆனேக்கல் வட்டத்தின் விளிம்புவரை பரவிவிட்ட நிலையில் அத்திபெலே ஏரிகளுக்கும் அந்தக் கிண்ணம் காத்திருக்கிறது.

அன்றைக்கு ஒருவர் எழுந்து, பங்குனியிலும் சித்திரை முதல் வாரத்திலும் இச்சேற்றைப் பறவைகள் பயன்படுத்துகின்றன, வேலையைத் தள்ளிவையுங்கள், சரிவுக்கரையில் ஒரு பகுதியை விட்டுவையுங்கள் என்று சொல்லவேண்டியிருக்கும். சான்று எங்கே என்று கேட்பார்கள். ஒரு பக்கம் மாசி மாதத்து மஞ்சள் வாலாட்டியின் ஐந்நூறு படங்கள் இருக்கும். மறுபக்கம் பங்குனிப் பட்டியல் காலியாக இருக்கும். பறவைகள் மாசியோடு போய்விடுகின்றன போலும் என்று ஒப்பந்தக்காரர் சொன்னால், பறவைநோக்கர்களின் சொந்தப் பதிவே அவருக்குச் சாட்சி சொல்லும். ஆளில்லாத மாதம் பறவையில்லாத மாதமாகக் கணக்கில் ஏறிவிடும்.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளில் ஒன்று வலுவானது. பொதுமக்கள் பகிர்ந்த காட்சிகளே இன்று இந்தியப் பறவையியலின் அடித்தளம் என்பது அது. உண்மை. 2023இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 30,000க்கும் மேற்பட்ட பறவைநோக்கர்களின் 3 கோடிப் பதிவுகளைக்கொண்டு 942 இனங்களை மதிப்பிட்டது. நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 204 குறைந்திருப்பதாக அது கண்டது. இக்கண்டுபிடிப்பு ஞாயிற்றுக்கிழமை உலா போனவர்களின் உழைப்பால் கிடைத்தது. அதனை இழித்துரைப்பது நன்றிகேடு. ஆனால் அந்த எண்களைக் கவனித்துப் படிக்கவேண்டும். 942 இனங்களில் நீண்டகாலப் போக்கைச் சொல்ல முடிந்தது 338க்கு மட்டுமே. மற்றவற்றுக்கு நம்பத்தக்க பதிவு போதவில்லை. பொதுமக்கள் பதிவு எவ்வளவு ஆற்றலுடையது என்பதைக் காட்டும் அதே அறிக்கை, அது எங்கே ஓட்டையாயிருக்கிறது என்பதையும் காட்டுகிறது.

பொழுதுபோக்கை ஏன் பரீட்சையாக்கவேண்டும், மகிழ்ச்சியாகப் பார்த்துவிட்டுப் போகட்டுமே என்பது மற்றொரு மறுப்பு. மகிழ்ச்சியாகப் பார்ப்பவரை யாரும் தடுக்கவில்லை. ஆனால் 'குடிமக்கள் அறிவியல்' என்ற பெயரைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு பார்ப்பவர், அப்பெயருக்குரிய சலிப்பையும் சேர்த்தே ஏற்கவேண்டும். மார்ஷத்தின் வீட்டார் இருநூறு ஆண்டும் மகிழ்ச்சியோடுதான் எழுதினார்கள் என்று எங்கும் இல்லை.

மறுபுறம், 'வசந்தம்' என்னும் வடசொல்லை விரட்டிவிட்டுப் படத்தின் கீழ் தூய தமிழ்ப்பெயர் ஒன்றை நட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று கருதுவோரும் இருக்கிறார்கள். ஆங்கிலப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துச் செய்யும் அப்பெயர்களுக்கும் நிலத்துக்கும் எந்த உறவும் இல்லை. ஆறுமணிக்குருவி என்ற பெயரில் அது கூவும் பொழுது இருக்கிறது. சோளக்குருவி என்ற பெயரில் அது மேயும் பயிர் இருக்கிறது. இவ்வட்டாரத்தில் சோளக்கொல்லை அருகிக் கொட்டகைகளும் கிடங்குகளும் பெருகிய பின்பு அந்தப் பெயரே ஒரு நிலவரலாறாகிவிட்டது. ஆறுமணிக்குருவியைக் கன்னடர் நவரங்க என்கிறார்கள். ஆங்கிலப் பட்டியலில் அதற்குள்ள 'பிட்டா' என்ற பெயரோ தெலுங்கில் சிறு பறவையைக் குறிக்கும் 'பிட்ட' என்னும் சொல்லிலிருந்து போனது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தேநீர்க்கடையில் புழங்கும் அத்திபெலேயில், அந்தத் தெலுங்குச் சொல்லை இலத்தீன் என்று எண்ணிப் பயபக்தியுடன் உச்சரிக்கிறார்கள். கரையில் மாடு மேய்ப்பவரும் வலை வீசுபவரும் சேறு வற்றும் பங்குனியிலும் அங்கேயேதான் இருக்கிறார்கள். எந்தப் பறவை எந்த வாரம் காணாமற் போகிறது என்பதை அவர்களில் பலர் அறிந்திருக்கக்கூடும். அவர்களிடம் கேட்டுப் பதிந்துவைக்கப் பகிர்வோரின் மொழியில் இடமில்லை.

'வலசை' என்ற சொல்லும் முதலில் பறவைக்கு உரியதன்று. பஞ்சத்துக்கும் படைக்கும் அஞ்சி ஊர்விட்டு ஊர் போன மனிதரைக் குறித்தது. இராமநாதபுரம் பக்கத்தில் வலசை என்று முடியும் ஊர்ப்பெயர்கள் இன்றும் உள்ளன. புறப்பாட்டை முதன்மையாகக் கொண்ட அச்சொல்லை எடுத்துப் பறவைக்குச் சூட்டியபின் அதன் வருகையை மட்டும் கொண்டாடுவது முரண்.

வேண்டுவது பெரிதொன்றும் இல்லை. பிதரகுப்பேயிலோ முத்தாநல்லூரிலோ ஒரே கரை, ஒரே கால்மணி நேரம், மாசி முதல் சித்திரை இறுதிவரை வாரம் ஒரு தடவை, கண்ட பறவை அனைத்துக்குமான முழுப்பட்டியல். படம் கட்டாயமில்லை. பங்குனி நான்காம் வாரத்தில் 'மஞ்சள் வாலாட்டி இரண்டு' என்றும், அடுத்த வாரத்துப் பட்டியலில் அந்த வரி இல்லாமலும் இருந்தால் போதும்.