ஜெபிக்க முடியாத நாட்களுக்கான ஜெபம்

ஆசிரியர் உரை

நோயாளிகளைச் சந்திக்கப் போகும் நாம் எல்லோரும் என்றாவது ஒருநாள் இந்தச் சொல்லைக் கேட்டிருப்போம்: “ஐயா, இப்பல்லாம் என்னால ஜெபிக்க முடியல.” சொல்பவர் பெரும்பாலும் விசுவாசத்தில் புதியவராக இருக்க மாட்டார். ஆண்டுக்கணக்காகப் பாடகர் குழுவில் நின்றவராக, அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் ஜெபிக்கப் போனவராக இருப்பார். இப்போது கீமோதெரபியின் குமட்டல், தூக்கமில்லாத இரவு, மருந்துக் கடன், பிள்ளைகளுக்குப் பாரமாகிவிட்டோமோ என்ற எண்ணம் எல்லாமாகச் சேர்ந்து அவரை ஓய வைத்திருக்கின்றன. கண்ணை மூடினால் சொல் வருவதில்லை. உடல் வலியைச் சொல்லும்போது இல்லாத குற்ற உணர்வு இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் தெரியும்.

அந்த நேரத்தில் நாம் சொல்லும் மறுமொழி அவருக்கு ஆறுதலாகலாம்; இன்னொரு சுமையாகவும் ஆகலாம். “விசுவாசத்தை விட்டுவிடாதீங்க, இன்னும் ஊக்கமா ஜெபியுங்க” என்று நல்லெண்ணத்தோடு சொல்லிவிட்டு எழுந்து வருகிறோம். எழுந்து உட்காரவே முடியாதவருக்கு இன்னொரு வேலையைக் கொடுத்துவிட்டு வருகிறோம் என்பதை நாம் உணர்வதில்லை. இந்த இதழின் வாயிலாக நாம் வற்புறுத்த விரும்புவது இதைத்தான்: நோய்ப்படுக்கையில் ஜெபம் நோயாளியிடம் வேலை வாங்கக் கூடாது. அது அவருக்காகச் சபை சுமக்க வேண்டிய வேலை.

வேதம் இதற்கு இடம் கொடுக்கிறதா என்று கேட்பவர்கள் எலியாவைப் பார்க்கட்டும். யேசபேலின் மிரட்டலுக்குத் தப்பி ஓடிய தீர்க்கதரிசி, சூரைச்செடியின் கீழ் விழுந்து சாவைக் கேட்கிறார். பரலோகத்திலிருந்து அவருக்குக் கண்டனமும் வரவில்லை, பிரசங்கமும் வரவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வருகின்றன. சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்குகிறார். தூதன் இரண்டாம் முறையும் தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறார். கர்த்தர் கேள்வி கேட்பது அதன் பிறகு, நாற்பது நாள் நடந்து ஓரேபை அடைந்த பிறகுதான். உணவும் உறக்கமும் முன்னால் வந்தன. உரையாடல் பின்னால் வந்தது. நம் வீட்டுச் சந்திப்புகளில் இந்த வரிசை எத்தனை முறை தலைகீழாகிறது என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

88ஆம் சங்கீதத்தையும் நினைவில் வையுங்கள். பெரும்பாலான புலம்பல் சங்கீதங்கள் கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்பிவிடும். இது திரும்பாது, இருளிலேயே முடியும். அப்படியிருந்தும் அது வேதத்தில் இருக்கிறது. ஆலய ஆராதனையின் பாட்டாகவே அது வைக்கப்பட்டது. துதியில் முடிக்க முடியாத ஜெபத்தையும் தேவன் ஜெபமாகவே ஏற்கிறார் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. சொற்களே வற்றிப்போனவருக்கு, ஆவியானவர்தாமே பெருமூச்சுகளோடு மன்றாடுகிறார் என்று ரோமருக்கு எழுதிய நிருபத்தின் எட்டாம் அதிகாரம் உறுதி தருகிறது. கப்பர்நகூமில் கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட திமிர்வாதக்காரன் அதுவரை வாய் திறந்து எதுவும் கேட்டதாக மாற்கு எழுதவில்லை. சுமந்து வந்தவர்களின் விசுவாசத்தை இயேசு கண்டார் என்றுதான் எழுதுகிறார். சுமந்து வந்த அந்த நால்வரின் இடம்தான் நம்முடைய இடம்.

இதை நாம் திருவனந்தபுரத்தை வைத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. ஸ்ரீவராகத்தில் வராகமூர்த்தி கோயிலையும் அதன் பெரிய குளத்தையும் ஒட்டிய தெருக்கள், பக்கத்தில் மணக்காடு, மேற்கே பீமாபள்ளி, கடற்கரையில் வலியதுறை, பூந்துறை மீனவப் பங்குகள் என்று சில கிலோமீட்டருக்குள் மூன்று மதத்தவர் நெருங்கி வாழும் பகுதி இது. பருத்திக்குழியும் இங்கேதான் இருக்கிறது. டாக்டர் எம். ஆர். ராஜகோபால் 2003இல் நண்பர்களோடு தொடங்கிய பாலியம் இந்தியா என்ற வலி தணிப்புப் பராமரிப்பு அமைப்பின் பெயரோடு சேர்ந்து இந்தியா முழுவதும் அறிமுகமான இடம் அது. அவர்களுடைய பயிற்சி நிறுவனத்தை 2012இல் உலக சுகாதார நிறுவனம் தன் ஒத்துழைப்பு மையமாக ஏற்றது. கோழிக்கோட்டில் 1993இல் அவரும் டாக்டர் சுரேஷ்குமாரும் தொடங்கிய வலி தணிப்புச் சங்கமே பின்னாளில் கேரளம் முழுவதும் பரவிய அக்கம்பக்கத்தார் பராமரிப்புக்கு வித்திட்டது. 2008இல் தனியாக ஒரு வலி தணிப்புக் கொள்கையை வெளியிட்ட முதல் மாநிலமும் கேரளம்தான்.

இந்த இயக்கம் மதச்சார்பற்றது. ஆனால் அதன் அடிப்படைக் கருத்து ஒன்று நமக்கு மிக நெருக்கமானது. 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் திறந்த சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் ஆழ்ந்த கிறிஸ்தவர். செவிலியராகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து பிறகு மருத்துவரானவர். நோயாளியின் வலியை உடல், மனம், குடும்பம், ஆன்மா என்று பிரித்து ஒவ்வொருவர் ஒரு பங்கை எடுத்துக்கொள்ள முடியாது, அது ஒரே வலி என்று அவர் வற்புறுத்தினார். அப்படியானால் ஆன்மாவைப் பார்க்க வந்தவர், “வலி எப்படி இருக்கு? ராத்திரி தூங்கினீங்களா? மருந்து தீர்ந்துபோச்சா?” என்று கேட்காமல் ஜெபத்தைத் தொடங்கக் கூடாது. வலி பத்தில் எட்டு என்று இருக்கும்போது சொல்லப்படும் எந்த ஆறுதலும் காதில் ஏறாது. செவிலியரை அழைப்பது அந்த நேரத்தில் உங்கள் ஊழியத்தின் முதல் பகுதி.

மார்பின் பற்றியும் நேராகப் பேச வேண்டியிருக்கிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் நோயாளிகளிடமிருந்தும் இந்த மருந்தை வெகுதூரம் தள்ளி வைத்தது. வலி தணிப்பு மருத்துவர்கள் நெடுங்காலம் போராடியதன் பயனாக 2014இல் அது திருத்தப்பட்டது. சட்டம் தளர்ந்தும் சபையாரின் மனத்தில் தயக்கம் தளரவில்லை. “போதை மருந்து எடுத்தால் பாவமா?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கிறிஸ்து சிலுவையில் அறையப்படுமுன் வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசத்தை மறுத்தாரே என்று எடுத்துக்காட்டுபவர்களும் இருக்கிறார்கள். அது அவர் தம் மீட்பின் வேலையில் எடுத்த முடிவு. நோயாளிக்கு விதித்த கட்டளை என்று எந்தச் சுவிசேஷகனும் எழுதவில்லை. நல்ல சமாரியன் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்ததைச் சொல்லிப் பாராட்டியவரும் அவரே. மருத்துவர் அளவு சொல்லித் தரும் மார்பினை நன்றியோடு வாங்கிக்கொள்ளலாம் என்று போதகர் தம் வாயால் சொன்னால், அந்த ஒரு சொல் பல வீடுகளில் பல இரவுகளின் வேதனையைக் குறைக்கும்.

மருத்துவத்தையும் ஜெபத்தையும் எதிரெதிரே நிறுத்துவது நம் மரபு அல்ல. தென்திருவிதாங்கூரில் லண்டன் மிஷன் மருத்துவப் பணி 1838இல் ஆர்ச்சிபால்ட் ராம்சேயோடு நெய்யூரில் தொடங்கியது. எவரெஸ்ட் ஏறப்போன அறுவை மருத்துவர் ஹோவர்ட் சோமர்வெல், 1922ஆம் ஆண்டுப் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றி வந்தபோது நெய்யூரின் நோயாளிக் கூட்டத்தைக் கண்டார். லண்டனில் காத்திருந்த பெரிய வாழ்வை விட்டு அங்கே வந்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் கத்தி பிடித்தார். அந்தப் பயணத்தின் பனிச்சரிவில் ஏழு ஷெர்பாக்கள் இறந்த துயரம் அவரை நெடுநாள் வருத்தியது. துயரத்தை அறிந்த கைகளே நெய்யூரில் அறுவை செய்தன. இன்று கேரள எல்லைக்குள் காரக்கோணம் மருத்துவக் கல்லூரி அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. இப்படிப்பட்ட முன்னோர் வழியில் வந்த நாம், “மாத்திரையை நிறுத்து, விசுவாசி” என்று சொல்லும் குரல்களுக்கு முன் மௌனமாக இருக்கக் கூடாது. இன்சுலினை, வலிப்பு மாத்திரையை, மனநல மருந்தை நிறுத்தச் சொல்லும் எந்த ஜெபக்கூட்டத்தையும் பெயர் சொல்லி எதிர்ப்பது மேய்ப்பனின் கடமை.

இனி நடைமுறைக்கு வருவோம்.

முதலில் அனுமதி கேளுங்கள். “உங்களுக்காக ஜெபிக்கட்டுமா, இல்ல சும்மா கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கட்டுமா?” என்ற கேள்வியில் இரண்டு பதிலும் மரியாதையானவை. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்த வரை நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். வாய் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

ஜெபம் சுருக்கமாக இருக்கட்டும். நோயாளி சொன்ன சொற்களே அதில் வரட்டும். “ஆண்டவரே, அம்மாவுக்கு ராத்திரி பயமா இருக்கு, கூட இருங்க” என்பது போதும். சுகத்தைக் கேட்கலாம், கேட்க வேண்டும். ஆனால் கேட்பது வேறு, வாக்குக் கொடுப்பது வேறு. பவுல் தம் முள்ளுக்காக மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் நீங்கவில்லை, கிருபை கிடைத்தது. “அடுத்த ஸ்கேனில் ஒன்றுமே இருக்காது” என்று கர்த்தர் பெயரால் சொல்லிவிட்டுப் போகிறவர், ஸ்கேன் முடிவு வரும் நாளில் அந்த வீட்டில் இருப்பதில்லை. சுகம் தாமதிக்கும்போது மறைந்த பாவம் எது என்று தேடுவது அதைவிடக் கொடியது. பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்கள் கேட்ட அந்தக் கேள்வியை இயேசு அப்போதே தள்ளிவிட்டார்.

தாய்மொழி தரும் தேறுதலை அலட்சியம் செய்யாதீர்கள். 1981இல் தொடங்கப்பட்ட திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்குக் கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கங்களிலிருந்து வரும் நம் மக்கள் ஏராளம். கதிர்வீச்சுக்காக வாரக்கணக்கில் மருத்துவக் கல்லூரியைச் சுற்றிய வாடகை அறைகளில் தங்குகிறார்கள். சொந்தச் சபை தொலைவில் இருக்கிறது, சுற்றிலும் மலையாளம். அந்த அறையில் சிறுவயதில் மனப்பாடம் செய்த சங்கீதத்தையோ செபமாலையையோ தமிழில் யாராவது உடன் இருந்து சொன்னால், ஓய்ந்து கிடப்பவரின் உதடு தானாகக் கூட வரும். இங்குள்ள தமிழ்ச் சபையார் வாரம் ஒரு மாலையை இதற்கென்று ஒதுக்கலாம்.

கத்தோலிக்க வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். நோயில்பூசுதல் மரணத் தறுவாயில் இருப்பவருக்கு மட்டும் உரியதல்ல என்பதை 1972இல் திருத்தப்பட்ட சடங்குமுறை தெளிவாக்கியது. அப்படியிருந்தும் “சாமியாரைக் கூப்பிட்டால் பயந்துவிடுவார்” என்று குடும்பத்தார் கடைசி மணிநேரம் வரை தள்ளிப்போடுகிறார்கள். கடும் நோய் உறுதியான காலத்திலேயே, நோயாளி தாமே “ஆமென்” சொல்லக்கூடிய நிலையிலேயே அதைப் பெறுவதற்கு உதவுங்கள்.

பிற மதத்தவர் வீட்டில் நம் எல்லை தெளிவாக இருக்கட்டும். ஸ்ரீவராகத்திலோ பீமாபள்ளியிலோ பராமரிப்புக் குழுவோடு ஒரு வீட்டுக்குள் போகிறோம் என்றால், அந்த வீடு நம்பித் திறந்த கதவு அது. படுத்திருப்பவரின் பலவீனத்தை நம் செய்திக்கு வாய்ப்பாகக் கொள்வது அன்புக்கு விரோதமானது. அவர்கள் நாமம் சொல்லும்போது அமைதியாக உடனிருங்கள். உங்கள் ஜெபத்தைத் திரும்பும் வழியில் செய்யுங்கள். அவர்களாகக் கேட்டால் மட்டும் அங்கே செய்யுங்கள்.

சோர்வு எல்லாமே ஆன்மிகச் சோர்வு அல்ல. நாள் முழுதும் நீங்காத துக்கம், உணவும் உறக்கமும் கெடுவது, வாழ்ந்து என்ன பயன் என்ற பேச்சு ஆகியவை தென்பட்டால் மனச்சோர்வு நோய் இருக்கலாம். “சாகலாம்னு தோணுதா?” என்று நேராகக் கேட்கப் பயப்படாதீர்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. தனியே விட்டுவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நாடு முழுவதற்குமான டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, கேரளத்தின் திசா உதவி எண் 1056 இரண்டும் உங்கள் வேதாகமத்தின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கட்டும்.

கட்டிலின் மறுபக்கத்தில் நிற்பவரையும் பாருங்கள். அவர் பெரும்பாலும் மனைவி, மகள் அல்லது மருமகள். நோயாளிக்காக எல்லோரும் ஜெபிக்கிறார்கள். இவள் பெயரை ஜெபத்தில் சொல்பவர் குறைவு. பெயர் சொல்லி ஜெபியுங்கள். இரண்டு மணி நேரம் கட்டில் அருகே நீங்கள் இருந்து, அவள் போய்த் தூங்கி வர வழி செய்யுங்கள். எலியாவுக்கு வந்த தூதன் செய்ததும் அந்த வகை ஊழியமே.

கடைசியாக நம்மைப் பற்றி. வாரம் தோறும் மரணங்களைப் பார்த்துவிட்டு ஞாயிறன்று பீடத்தில் நிற்பவர்களும் களைத்துப்போகிறார்கள். கெத்செமனேயில் சீஷர்கள் தூங்கியது துக்கத்தினால் என்று லூக்கா எழுதியது அவர்கள்மேல் இரக்கம் கொண்டுதான். அதே தோட்டத்தில் ஆண்டவரும் துணை தேடினார், ஒரே வார்த்தைகளைத் திரும்பத் திரும்பச் சொன்னார், தேற்றவந்த தூதனை ஏற்றுக்கொண்டார். தனியாகச் சுமப்பது பரிசுத்தம் என்று யாரும் நமக்குக் கற்பிக்கவில்லை. இறப்புகள் அதிகமாகும் மாதங்களில் சந்திப்புகளைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்காக ஜெபிக்கும் ஒருவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

ஒவ்வொரு சபையும் பங்கும் இந்த ஆண்டு ஒரு முடிவெடுக்கட்டும்: நால்வர் கொண்ட ஒரு சிறு குழு, அருகிலுள்ள வலி தணிப்பு மையத்தில் முறையான தன்னார்வலர் பயிற்சி, நோயாளியின் இரகசியம் காக்கும் உறுதிமொழி, நோய்ப்பட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் வாரம் ஒருமுறை தவறாத சந்திப்பு. “என்னால ஜெபிக்க முடியல” என்று அடுத்து யாராவது சொல்லும்போது, “நீங்க ஜெபிக்க வேண்டாம், படுத்துக்கோங்க. உங்களுக்காக நாங்க ஜெபிக்கிறோம், அடுத்த வாரமும் வருவோம்” என்று நம்மால் உண்மையாகச் சொல்ல முடிய வேண்டும். அதைச் சொல்லவும் சொன்னபடி செய்யவும் ஆள் இருக்கும் சபையில், நோயாளி தம் விசுவாசத்தைத் தனியாகத் தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை.