காதல் திருத்துமா?

குடியும் சூதுமாய்த் திரியும் ஸ்காட்லாந்து மலைநாட்டுப் பிரபு, குழந்தைகளுக்குப் பாடம் சொல்ல வந்த ஏழை ஆசிரியையின் காதலால் உத்தமனாகிறான். ஆங்கிலக் காதல் நாவல்கள் பல இப்படித்தான் முடிகின்றன.

உண்மை வேறு. 1841-இல் வீட்டாசிரியையாயிருந்த சார்லட் பிராண்டேயின் ஆண்டுச் சம்பளம் 20 பவுன். சலவைச் செலவு போக 16 தான் மிச்சம். அவர் படைத்த ஜேன் அயர் (1847), ரோச்செஸ்டர் ஏற்கெனவே மணமானவன் என்றறிந்ததும், கெஞ்சியும் இணங்காது வேலையைத் துறந்து வெளியேறினாள். அவர் தங்கை ஆன் 1848-இல் வெளியிட்ட நாவலிலோ, குடிகாரக் கணவனைத் திருத்த முயன்ற ஹெலன் தோற்றாள். மகனைக் காக்க வீட்டைவிட்டே போனாள்.

மனந்திரும்புதல் அவரவர் செய்ய வேண்டியது. ஊதாரி மைந்தனும் தானே எழுந்துதானே தந்தையிடம் வந்தான்? திருத்துவதற்காக ஒருவனுக்கு மாலையிட வேண்டாம், திருந்தியபின் யோசிப்போம்!