மலைமேல் ஒரு மாதா படம்... வரைந்தது ஒரு டாக்டராம்!

கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி கிளாம்பாக்கத்தில் இறங்கி, தாம்பரம் வந்து மின்சார ரயில் பிடித்தால் பரங்கிமலை. 300 அடி உயரம்தான். ஆர்மீனிய வணிகர் பெட்ரஸ் உஸ்கான் கட்டிக்கொடுத்த படிகளில் ஏறினால், உச்சியில் போர்த்துக்கீசியர் 1523-ல் கட்டிய தேவாலயம். அங்கே மரப்பலகையில் தீட்டிய பழைய மாதா படம் ஒன்று இருக்கிறது. வரைந்தவர் புனித லூக்கா, கொண்டுவந்தவர் புனித தோமையார் என்பது காலங்காலமான நம்பிக்கை.

லூக்கா வரைந்ததாகச் சொல்லும் மாதா படம் ரோமிலும் உண்டு. ஆனால், அவர் ஓவியர் என்ற பேச்சே அவர் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் கழித்துத்தான் எழுந்தது. டாக்டர் என்பதற்குத்தான் பழைய சான்று இருக்கிறது. கொலோசையருக்கு எழுதிய கடிதத்தில் பவுல் அவரை அன்புக்குரிய மருத்துவர் என்றே குறிப்பிடுகிறார்.

வேடிக்கை என்னவென்றால், லூக்கா யாருக்காவது வைத்தியம் பார்த்ததாக பைபிளில் ஒரு வரிகூட இல்லை! பவுல் சிறையில் இருந்தபோது மற்றவர்கள் போய்விட, லூக்கா மட்டும் கூடவே இருந்தார் என்ற செய்திதான் கிடைக்கிறது.

எழுத்தில் மட்டும் டாக்டர் எட்டிப்பார்க்கிறார். 12 வருடம் உதிரப்போக்கால் தவித்த பெண்ணைப் பற்றி மாற்கு எழுதும்போது, வைத்தியர்களிடம் போய்ப் பணமெல்லாம் கரைந்து நோய் முற்றியதுதான் மிச்சம் என்கிறார். லூக்காவோ, யாராலும் குணப்படுத்த முடியவில்லை என்று முடித்துக்கொள்கிறார். தொழில் பாசம்!

இன்னொன்று. கர்ப்பிணிகளைப் பற்றி அவர் அளவுக்கு வேறு எந்த நற்செய்தியாளரும் எழுதவில்லை. ஆறு மாத கர்ப்பிணியான எலிசபெத்தைப் பார்க்க மரியாள் மலைநாட்டுக்குப் போனது, வயிற்றுக்குள் குழந்தை துள்ளியது, மரியாள் அங்கேயே சுமார் மூன்று மாதம் துணையாகத் தங்கியது எல்லாம் லூக்காவில் மட்டுமே உண்டு.

கல்வராயன் மலைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ரோடு இல்லாத மலையூர்களில் நோயாளியை டோலி கட்டித் தூக்கிவரும் கஷ்டம் தமிழ்நாட்டுக்குப் புதிதா என்ன? 2024-ல் கள்ளச்சாராய மரணங்களுக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கல்வராயன் மலை மக்களின் நிலை பற்றி வழக்கு எடுத்தபோது, ரோடு, பஸ் பற்றியும் பேச வேண்டியிருந்தது. மலைக்கு வந்து மூன்று மாதம் தங்கும் ஓர் ஆள் என்பது அங்கே இன்றைக்கும் பெரிய விஷயம்.

பரங்கிமலை தேவாலயமும் பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கியிருக்கும் மரியாளின் பெயரில்தான் இருக்கிறது. திருவிழா டிசம்பர் 18. லூக்காவின் திருநாள் அதற்குச் சரியாக இரண்டு மாதம் முன்பு, அக்டோபர் 18.