வாயைக் கட்டச் சொல்கிறவர்களுக்கு

போன மாதம் கூடுவாஞ்சேரியில் ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்து இலையில் ஏழாவது படிக்கும் பையன், கொஞ்சம் பருமன். இரண்டாவது ஜாங்கிரிக்குக் கை நீட்டினான். எதிர்வரிசையில் இருந்த பெரியவர், "வாயைக் கட்டுடா தம்பி! இப்பவே இப்படின்னா உனக்கு யாரு பொண்ணு குடுப்பா?" என்றார். பந்தியே சிரித்தது. பையன் கையை மடக்கிக்கொண்டான். அந்தப் பெரியவர் பாயசம் மூன்று தடவை வாங்கியதை நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

பருமனான பிள்ளையைக் கண்டால் நம்மவர்களிடம் தீர்ப்பு தயாராக இருக்கும்: வாய் அடங்கவில்லை, உடம்பு வணங்கவில்லை. கூடவே அம்மாவுக்கும் ஒரு குட்டு, செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாளாம்.

லான்செட் மருத்துவ இதழில் 2024இல் வந்த கணக்குப்படி, இந்தியாவில் 5 முதல் 19 வயதுக்குள் உடற்பருமன் உள்ளவர்கள் 1990இல் சுமார் 4 லட்சம் பேர். 2022இல் சுமார் 1.25 கோடி. முப்பது மடங்கு! மக்கள்தொகை அத்தனை மடங்கா பெருகியது? இல்லை, நாடு முழுக்கப் பிள்ளைகளுக்கு ஒரே சமயத்தில் நாக்கு நீண்டுவிட்டதா? கமர்கட்டுக்கும் தேன்மிட்டாய்க்கும் அடித்துக்கொண்ட தலைமுறைதானே இன்று புத்தி சொல்கிறது. தின்பதற்கும் எடைக்கும் சம்பந்தமில்லை என்று நான் வாதாட வரவில்லை. ஆசை அன்றைக்கும் இருந்தது. ஊர் வேறாக இருந்தது.

எங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜி.எஸ்.டி. ரோட்டின் இருபுறமும் வயல் மனையானது, மனை அடுக்குமாடியானது. 10,000 சதுர மீட்டரைத் தாண்டும் மனைப்பிரிவில் சாலை போக 10 சதவீத நிலத்தைப் பொதுவுக்கு விட வேண்டும் என்று விதி இருக்கிறது. 3,000 சதுர மீட்டருக்குள் என்றால் அதுவும் வேண்டாம். விட்ட இடத்திலும் ஒன்று கருவேலம் மண்டிக் கிடக்கும், அல்லது நாலு சிமென்ட் பெஞ்சைப் போட்டு 'பந்து விளையாடக் கூடாது' என்று பலகை மாட்டியிருப்பார்கள்.

பள்ளிக்கு நடந்து போகலாமே என்பீர்கள். ஜி.எஸ்.டி. ரோட்டில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 2023 டிசம்பரில் வந்தது. அதற்கு முன்பே அந்த ரோட்டைப் பெரியவர்களே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் கடந்தோம். ஆகவே ஆறே முக்காலுக்கு வேன். பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் கடன் வாங்கிக்கொள்வார். திருப்பித் தந்ததாகச் சரித்திரம் இல்லை. டியூஷன் முடிய இரவு எட்டரை, அதற்குமேல் ஹோம்வொர்க். தினமும் ஒரு மணி நேரம் ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பன்னிரண்டு வயதுவரை ஒன்பது மணி நேரமாவது தூங்க வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். தூக்கம் குறைந்தால் பசி கூடும் என்பதும் அவர்கள் சொல்வதுதான். இந்த நாளில் எந்த மூலையில் அந்தப் பிள்ளை ஓட, எந்த மூலையில் தூங்க?

பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டம் விற்கக் கூடாது என்று 2020இலேயே மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டது. டேப்பும் கையுமாக அதை அளக்க வந்த அதிகாரியை நான் இதுவரை பார்த்ததில்லை. ஐந்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட் சரம்சரமாகத் தொங்குகிறது. வீட்டுக்குள்ளோ, பாலில் கலக்கும் மாவு 'ஹெல்த் டிரிங்க்' என்ற பெயரில் பல வருஷம் விற்றது. அந்தப் பிரிவிலிருந்து இப்பானங்களை எடுத்துவிடும்படி இணைய வணிகத் தளங்களுக்கு மத்திய வர்த்தக அமைச்சகம் சொன்னது 2024 ஏப்ரலில்தான். சத்து என்று நம்பி இரண்டு வேளையும் ஆற்றிக் கொடுத்த அம்மாவையா குட்டுவது?

ஒரே வீடு, ஒரே சாம்பார். அண்ணன் ஒல்லி, தம்பி பருமன். இதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். உடல்வாகில் மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கின் குழு, அங்கே பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்த குழந்தைகளோடு ஒப்பிட்டு 2003இல் எழுதியது: நம் குழந்தைகள் எடையில் மிகக் குறைவு, தசையும் குறைவு, கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. ஒரு வாய்கூட உண்ணாத சிசு அது. அதனிடம் போய் எந்த வாயைக் கட்டச் சொல்வது?

பந்தி முடிந்து வெளியே வந்தேன். மண்டபத்துக் கார் நிறுத்துமிடத்தில் காலி தண்ணீர் பாட்டிலைப் பந்தாக்கி ஏழெட்டுப் பிள்ளைகள் உதைத்துக்கொண்டிருந்தார்கள். நம் பையன்தான் கோல்கீப்பர். சட்டை நனைய நனையத் தாவினான். "டேய், கார்ல பட்டுடும், உள்ள போங்கடா!" என்று காவலாளி கையை ஓங்கிக்கொண்டு வந்தார். எல்லாரும் உள்ளே போய் ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.