விஜிஏ கார்ட் சாகவில்லை

கொஞ்சம் நீண்ட பதிவு. பிள்ளைகள் கையில் கொம்பியூட்டர் உள்ள வாப்பாமார், உம்மாமார் பொறுமையாக வாசித்தால் நல்லது.

போன மாதம் ஒரு நாள் இஷாவுக்குப் பிறகு என்னிடம் படித்த ஒரு பொடியனும் அவன் வாப்பாவும் வீட்டுக்கு வந்தார்கள். பொடியன் இப்போது உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு. கட்டாரில் இருக்கும் நானா அனுப்பிய காசில் வாங்கிய பழைய கொம்பியூட்டர் ஒன்று அவனிடம் உண்டு. அதில்தான் படிக்கிறான், அதில்தான் கல்யாண வீடியோ எடிட் செய்து கைச்செலவுக்கு உழைக்கிறான். அந்தக் கொம்பியூட்டர் இப்போது கறுப்புத் திரையோடு நிற்கிறது.

"சேர், இவன் ராவு முழுக்க என்னத்தையோ ஓட விட்டு சூடாக்கி எரிச்சிட்டான். கடையில காட்டினேன், விஜிஏ கார்ட் போயிட்டாம், புதுசு போடணுமாம். நான் வித்துப்போட்டு பேசாம இருக்கப்போறன்" என்றார் வாப்பா. பொடியன் தலையைக் குனிந்தபடி நின்றான்.

நான் கல்வியியற் கல்லூரியில் படித்தது விஞ்ஞானம். கொம்பியூட்டர் என் பாடமே இல்லை. லினக்ஸோடு பல வருடம் மல்லுக்கட்டிய பழக்கம் மட்டும்தான் உண்டு. அதனால் ஒரேயொரு கேள்வி கேட்டேன்: "சுவிட்ச் போட்டதும் முதலில் வருகிற கம்பனி முத்திரை திரையில் தெரிந்ததா?"

"தெரிஞ்சது சேர். அதுக்குப் பிறகு எழுத்தெல்லாம் ஓடினது. பிறகுதான் கறுப்பு."

கார்ட் செத்திருந்தால் அந்த முத்திரை எந்த வழியால் திரைக்கு வந்தது? கடைக்காரத் தம்பி இதைக் கேட்டிருந்தால் இந்தப் பதிவுக்கே வேலையில்லை.

நடந்தது இதுதான். பொடியன் டெபியன் 12 போட்டிருக்கிறான். யூடியூபில் யாரோ ஒருவர், கேர்னலை நீங்களே புதிதாகக் கட்டினால் கொம்பியூட்டர் பறக்கும் என்று சொல்ல, அதை நம்பி ஆகப் புதிய கேர்னலின் மூலநிரலை இறக்கி, ஒரு ராவு முழுக்கக் கட்டி நிறுவியிருக்கிறான். தன் கேர்னலுக்கு ஒரு வால் பெயரும் வைத்திருந்தான்: 'கல்முனை'. எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. மறுநாள் டிஸ்க் நிரம்பிவிட்டதென்று மூலநிரல் இருந்த ஃபோல்டரை அப்படியே அழித்திருக்கிறான். பிழை முழுவதும் அந்த அழிப்பில்தான்.

கேர்னல் என்பது பணிசெயல் முறைமையின் நடு உறுப்பு. வன்பொருளோடு நேரே பேசுவது அதுதான். என்விடியா கார்டுக்கான டிரைவர் அந்தக் கேர்னலுக்குள் போய் உட்காரும் ஒரு துண்டு நிரல். அது அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. ஒருவருக்குத் தைத்தது மற்றவருக்குப் பொருந்தாது. கேர்னலை மாற்றினால் டிரைவரையும் அதன் அளவுக்குத் திரும்பத் தைக்க வேண்டும். அந்த அளவுக் குறிப்புகள்தான் ஹெடர் என்று சொல்லப்படும் கோப்புகள். டெபியனின் வழக்கமான கேர்னல் புதுப்பிக்கப்படும்போது டிகேஎம்எஸ் என்றொரு கருவி தையல்காரன் போல நின்று டிரைவரைத் திரும்பத் தைத்துவிடும். டெல் நிறுவனத்தில் 2003 அளவில் உருவாக்கியது அது. நாம் அதைக் கவனிப்பதேயில்லை. ஆனால் அளவுக் குறிப்பு இல்லாவிட்டால் தையல்காரனால் என்ன செய்ய முடியும்? 'கல்முனை' என்று பெயர் வைத்த கேர்னலுக்கான ஹெடர் டெபியனின் களஞ்சியத்தில் கிடைக்காது. அது அவன் வீட்டில் மட்டும்தான் இருந்தது, அதையும் அழித்துவிட்டான்.

முதல் ராவு கொம்பியூட்டரை என் மேசையில் வைத்தோம். துவங்கும்போது வருகிற கிரப் பட்டியலில் மேலதிகத் தெரிவுகளுக்குள் போனால் பழைய கேர்னல் அப்படியே இருக்கிறது. அதைத் தெரிவு செய்ததும் திரை பளிச்சென்று வந்தது. வாப்பா ஒன்றும் பேசவில்லை, பிளேன்டீயைக் குடித்து முடித்தார். விற்பதை ஒத்திவைக்க அது போதுமாயிருந்தது.

பிறகு புதிய கேர்னலுக்கே திரும்பப் போனோம். கறுப்புத் திரையில் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்து மட்டும் உள்ள திரை வரும். கொம்பியூட்டர் உயிரோடுதான் இருக்கிறது, படம் காட்டத்தான் முடியவில்லை. டிகேஎம்எஸ்ஸை ஓட விட்டோம். 'இந்தக் கேர்னலுக்கான ஹெடர் கிடைக்கவில்லை' என்று ஆங்கிலத்தில் ஒரே வரியில் சொன்னது. எந்த இடத்தில் தேடினது என்பதையும் சொன்னது. பொடியன் அந்த வரியை ஏற்கனவே பல தடவை கண்டிருக்கிறான். "கண்டேன் சேர், ஆனா வாசிக்கல்ல" என்றான்.

இதைச் சொல்லத்தான் எழுத வந்தேன். நம் பிள்ளைகள் பிழைச் செய்தியை வாசிப்பதில்லை. கண்டதும் மூடுகிறார்கள். அது ஆங்கிலத்தில் இருப்பது ஒரு காரணம். பிழை என்றால் ஏச்சு விழும் என்ற பயம் இன்னொரு காரணம், அந்தப் பயத்தைப் பழக்கியது நாங்கள்தான். வகுப்பில் பணிசெயல் முறைமையின் தொழில்களை வரிசையாகப் பாடமாக்கி எழுதி ஏ எடுக்கிற பிள்ளை, அதே முறைமை நேரே பேசும்போது கண்ணை மூடிக்கொள்கிறது. என் வகுப்பில் பரிசோதனை பிழைத்தால் நானும் 'சரியான விடையை எழுதிக்கொள்ளுங்கள்' என்று சொல்லித்தான் வந்திருக்கிறேன். அதனால் யாரையும் விரல் நீட்டிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

இரண்டாம் ராவு. மூலநிரலைத் திரும்ப இறக்கினோம். அவனுடைய கொம்பியூட்டரில் உண்மையில் பயன்படும் உறுப்புகளை மட்டும் வைத்து, டிஸ்க்கைத் தின்னும் பிழைதிருத்தத் தகவலை நிறுத்தி, இந்த முறை டெபியன் பொதியாகவே கட்டினோம். அப்படிக் கட்டினால் கேர்னல் ஒரு பொதியாகவும் ஹெடர் இன்னொரு பொதியாகவும் சேர்ந்தே வரும். இரண்டையும் நிறுவ வேண்டும். முதல் முறை அவன் இந்த வழியில் போயிருந்தால் ஃபோல்டரை அழித்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

ஹெடர் கிடைத்தும் டிரைவர் தைபடவில்லை! 'தோல்வி' என்று கடைசி வரி சொன்னது. பொடியன் அதையே திரும்பத் திரும்ப வாசித்தான். நான் பதிவுக் கோப்பைத் திறந்து மேலே போகச் சொன்னேன். இப்படிப்பட்ட கோப்பில் கடைசி வரி வெறும் ஒப்பாரி. முதன்முதலில் 'எரர்' என்ற சொல் வருகிற இடத்தில்தான் காரணம் இருக்கும். பல நூறு வரி மேலே போன பிறகு கண்டுபிடித்தான். டிரைவர் கேட்கிற ஒரு உள்செயற்பாடு புதிய கேர்னலில் இப்போது இல்லை.

லினக்ஸ் கேர்னலின் உள்பக்கம் பதிப்புக்குப் பதிப்பு மாறும். மாறாது என்று அதைக் கட்டுகிறவர்கள் வாக்குறுதி தந்ததேயில்லை. கேர்னலுக்குள்ளேயே இருக்கும் திறந்த டிரைவர்களை அவர்களே கூடவே மாற்றிவிடுவார்கள். என்விடியாவின் டிரைவர் அப்படியல்ல. அதன் உள்பாகம் மூடிய பெட்டி, கேர்னலோடு ஒட்டும் பகுதி மட்டும்தான் நம் இடத்தில் தைக்கப்படுகிறது. இதற்காகத்தான் 2012 இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் லினஸ் டோவால்ட்ஸ் அந்தக் கம்பனியை சபையில் சொல்ல முடியாத வார்த்தையால் ஏசினார். 2022 மே மாதம் கேர்னல் பகுதிக்கான நிரலைத் திறந்து வெளியிட்டார்கள். அது 2018 இல் வந்த டூரிங் தலைமுறைக்கும் அதற்குப் பிந்திய கார்டுகளுக்கும்தான். பொடியனுடையது ஜீடி 710, கெப்ளர் தலைமுறை. அதைத் தாங்குகிற கடைசி டிரைவர் வரிசை 470. அதற்கான ஆதரவும் 2024 இல் முடிந்தது. கேர்னல் முன்னால் போய்க்கொண்டேயிருக்கும், அந்த டிரைவர் நின்ற இடத்தில் நிற்கும்.

அப்போ வழி? ஆகப் புதிய கேர்னலை விட்டுவிட்டு, டெபியன் 12 உடன் வரும் அதே 6.1 வரிசையின் மூலநிரலை எடுப்பது. நீண்டகால ஆதரவுள்ள வரிசை அது. மூன்றாம் ராவு அதைக் கட்டினோம். டிகேஎம்எஸ் சத்தமில்லாமல் தைத்து முடித்தது. சுபஹுக்கு முன்னர் திரை வந்தது. 'கல்முனை' என்ற வாலும் அப்படியே இருக்கிறது, அதை விட்டுக்கொடுக்க அவன் சம்மதிக்கவில்லை.

கேர்னலைக் கட்டியதால் வேகம் கூடினதா என்று கேட்டேன். "இல்ல சேர்" என்றான். உண்மைதான், சாதாரண பாவனைக்கு இதெல்லாம் தேவையேயில்லை. எழுதவும் இணையம் பார்க்கவும் மட்டும் என்றால் கேர்னலோடு வரும் நூவோ என்ற திறந்த டிரைவரே போதும், இந்தத் தலைவலி ஒன்றும் வராது. புதிய கொம்பியூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விடயம்: செக்கியூர் பூட் இயங்கிக்கொண்டிருந்தால், டிரைவர் சரியாகத் தைபட்டாலும் கையொப்பம் இல்லையென்று கேர்னல் அதை உள்ளே விடாது. அங்கேயும் காரணம் ஒரு வரியில் எழுதித்தான் இருக்கும்.

இதில் ஊருக்கு என்ன என்று கேட்பீர்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 கேட்கிறது, பழைய புரொசசர்களை ஏற்பதில்லை. நம் பாடசாலைகளிலும் கடைகளிலும் வீடுகளிலும் உள்ள நல்ல கொம்பியூட்டர்கள் பல இனி பழைய இரும்புக்குத்தான் போகும், அல்லது ஓட்டையோடு ஓடும். லினக்ஸ் போட்டால் அவை இன்னும் சில வருடம் உழைக்கும். ஆனால் ஒரு நாள் திரை கறுத்தால் பார்க்க ஊரில் ஆள் வேண்டும். அந்த ஆளைத்தான் அவன் வாப்பா வீட்டில் வைத்து ஏசிக்கொண்டிருந்தார்.

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. 2004 டிசம்பர் 26 இல் கடல் எங்கள் கரையை அள்ளிப்போனது, அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள். காணாமல் போனவர்களையும் முகாம்களையும் பதிவு செய்ய அந்த நாட்களிலேயே இந்த நாட்டுத் தன்னார்வ நிரலாளர்கள் கட்டியது 'சஹன' என்ற திறந்த மென்பொருள். 2005 பாகிஸ்தான் பூகம்பத்திலும் அதைப் பாவித்தார்கள். அதைக் கட்டியவர்களும் ஒரு காலத்தில் வீட்டுக் கொம்பியூட்டரைக் கெடுத்து ஏச்சு வாங்கிய பிள்ளைகளாகத்தான் இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

வாப்பாமாரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை கொம்பியூட்டரைக் கெடுத்துவிட்டால் விற்கவும் வேண்டாம், உடனே புதுக் கார்ட் வாங்கவும் வேண்டாம். முதலில் கம்பனி முத்திரை வருகிறதா என்று பாருங்கள். வந்தால், பிறகு திரையில் நிற்கும் எழுத்தைப் போனில் படம் எடுத்து எனக்கு இன்பொக்ஸ் பண்ணுங்கள். வெறுமனே 'வேலை செய்யுதில்ல சேர்' என்று வொய்ஸ் அனுப்பினால் நானும் ஒன்றும் செய்ய முடியாது. வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பேன். அந்தப் பொடியனும் வருவான்.