பத்து சதவீதக் கணக்கு

விபத்தில் சிக்கிய காரை எவ்வளவு கச்சிதமாகச் சரிசெய்தாலும், விற்கப்போனால் “அடிபட்ட வண்டியா?” என்று விலையைக் குறைப்பார்கள். அந்த இழப்பையும் காப்பீட்டு நிறுவனமே ஈடுகட்ட வேண்டும் என்று, ஸ்டேட் ஃபார்ம் என்ற காப்பீட்டு நிறுவனம் தொடர்பான வழக்கில் 2001இல் தீர்ப்பளித்தது அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில உச்ச நீதிமன்றம்.

கூடவே முளைத்தது, அந்த இழப்பைக் கணக்கிடும் ‘17சி’ சூத்திரம். வண்டி மதிப்பில் 10 சதவீதம்தான் உச்சவரம்பு. அதையும் சேதம், ஓடிய தூரம் என்று இருமுறை வெட்டுவார்கள். 20,000 டாலர் கார், நடுத்தர சேதம், 45,000 மைல் என்றால், 2,000ஐப் பாதியாக்கி அதில் 60 சதவீதம். கைக்கு வருவது 600 டாலர். (ஓடிய தூரத்துக்காக மதிப்பு ஏற்கெனவே குறைந்திருக்குமே!)

இந்தச் சூத்திரத்தை ஏற்றே ஆகவேண்டும் என்று உரிமையாளருக்குக் கட்டாயமில்லை. தனி மதிப்பீட்டாளரின் அறிக்கையும், காரை வாங்கிக்கொள்ள வியாபாரி எழுதித்தரும் விலையும் கையில் இருந்தால், 600ஐத் தாண்டிப் பேரம் பேசலாம்.